உன் திட்டத்தில் மூன்றாம் நாள்

மகனுக்கு,

நீ அனுப்பிய ஐந்து நாள் ரோம் திட்டம் வந்து சேர்ந்தது. உன் அம்மா அதைத் திருப்பாதிரிப்புலியூர் ஜெராக்ஸ் கடையில் பெரிய எழுத்தில் அச்செடுத்து வந்து, காலண்டர் தொங்குகிற ஆணியிலேயே மாட்டிவிட்டாள். இந்த ஒன்பது நாளில் நான் எத்தனை முறை அதன் முன்னால் போய் நின்றேன் என்று அவளைத்தான் கேட்க வேண்டும். போவேன், கண்ணாடியைத் தேடுவேன், மூன்றாம் நாள் வரை படிப்பேன், மேலே படிக்காமல் வாசலுக்கு வந்துவிடுவேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போவேன். "அது இன்னா பரீட்ச ரிசல்ட்டா, போயிப் போயிப் பாக்கறீங்க? போறதா இருந்தா கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா சொல்லுங்க, கழட்டி அடுப்புல போடறேன்" என்றாள் நேற்று. கேஸ் அடுப்பில் எப்படிப் போடுவாய் என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

விசா படிவம் இரண்டும் மேஜை மேல் கிடக்கின்றன. அவளுடையதில் கையெழுத்து ஆகிவிட்டது. என்னுடையதில் ஆகவில்லை. சென்னை விசா ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிற நாளுக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. நான் வருவேனா மாட்டேனா என்று நீ ஜெர்மனியிலிருந்து உன் அம்மாவைக் கேட்கிறாய். உனக்குத் தெரியாமல் உன் மனைவி நித்யாவும் அவளையே கேட்கிறாள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டால் கத்துவேன் என்று பயம். அந்தப் பயத்தை உண்டாக்கி வைத்தவன் நான்தான். அதை மறுக்கப் போவதில்லை.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் இப்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருப் படிப்பகத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று இளைஞர்கள் ஒரு மாதமாக நச்சரிக்கிறார்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவதை அச்சில் போடுவார்களா என்றேன். போடுவோம் என்றார்கள். இதையே கொடுக்கப் போகிறேன். நமக்குள் நடந்த விஷயம் இருநூறு பேர் உட்கார்ந்திருந்த அரங்கத்தில் நடந்தது. அதற்கு நான் சொல்ல வேண்டியதும் நாலு பேர் படிக்கிற இடத்தில் இருப்பதுதான் முறை. மலர் அச்சாவதற்கு முன்பே உனக்கு ஒரு நகல் வந்துவிடும், பயப்படாதே.

முதலில் சின்னக் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள், "இறங்குதல், ஓய்வு" என்று போட்டிருக்கிறாய். ஓய்வெடுக்கக் கடலூர் முதுநகரிலேயே எனக்கு நல்ல இடம் இருக்கிறது, அதற்குக் கடல் தாண்டி வர வேண்டியதில்லை. விமான நிலையத்தில் எனக்குச் சக்கர நாற்காலி சொல்லி வைத்திருக்கிறாய். முட்டி வலிக்கிறதுதான். ஆனால் நான் இன்னும் சைக்கிளில்தான் துறைமுகத்துக்குப் போய் வருகிறேன். இரண்டாம் நாள், சிங்கத்தோடு மனிதனைச் சண்டை போட விட்ட வட்ட அரங்கம். சரி, பார்க்கலாம். நான்காம் நாள், ரோமுக்குத் துறைமுகமாக இருந்த ஓஸ்தியாவின் இடிபாடுகள், "மாலையில் பக்கத்தில் கடற்கரை". ஐந்தாம் நாள் தேவாலயம், நீரூற்று, அம்மாவுக்குக் கடைத்தெரு. எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. மூன்றாம் நாளைத் தவிர.

"மூன்றாம் நாள். அப்பா, அம்மா: காலை ஏழு மணிக்குக் குழுப் பேருந்தில் பொம்பெய். நான்: ஓட்டலில் ஆபீஸ் வேலை." அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள், "அப்பாவுக்கு நெறைய கேள்வி இருக்கும். கைடுகிட்ட தாராளமா கேக்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பாய். ஆனால் அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நீயும் நானும் பதினாறு வருஷம் ஓட்டிவிட்டோம்.

நான் துறைமுகத்துக்குப் போய் என் கூட்டாளி கலியமூர்த்தியிடம் இதைக் காட்டினேன். அவன் இப்போது போட்டில் கடலுக்குப் போவதில்லை. வலை பிரிக்கிற இடத்தில் உட்கார்ந்து எல்லோரையும் வம்புக்கு இழுப்பதுதான் வேலை. "இன்னா மச்சான், ரோமுல இஞ்சின் ரிப்பேருக்கு ஆளு இல்லியாமா?" என்றான். சுற்றுலா என்றேன். திட்டத்தை வாங்கி விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தான். மூன்றாம் நாளுக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தான். "ஏன்டா, திட்டம் போட்டவன் ஓட்டலுல குந்திக்கினு ஒன்ன மட்டும் அனுப்புறானா? நம்ம துறையில இத ஒத்துப்பமா?" என்றான். அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் சிரிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவன் எதைச் சொன்னான் என்று உனக்கு நினைவிருக்கும். மறந்திருந்தால் சொல்கிறேன். எங்கள் துறையில் ஒரு வழக்கம். போட்டு இஞ்சினைப் பிரித்துச் சரி செய்தவன், அந்த போட்டின் முதல் ஓட்டத்துக்குக் கூடவே ஏற வேண்டும். ஆறு கடலில் சேருகிற ஆற்று வாயைத் தாண்டி, கரை கண்ணுக்குச் சின்னதாகிற வரைக்கும் போக வேண்டும். இஞ்சின் நின்றால் அவனும் சேர்ந்து நிற்பான், அவ்வளவுதான் அதற்குப் பொருள். ஏறாதவனிடம் யாரும் இரண்டாம் முறை இஞ்சின் கொடுக்க மாட்டார்கள். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, பதினைந்து வயதில் மூன்று நாள் தொடர்ந்து வாந்தி எடுத்து, "இவன் கடலுக்கு ஆவ மாட்டான்" என்று என் அப்பாவே பட்டறையில் கொண்டுபோய் விட்டவன் நான். அப்படியும் நாற்பது வருஷம் ஒவ்வொரு இஞ்சினுக்கும் ஏறினேன். ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தபடியே இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கலியமூர்த்தியின் போட்டு ஒரு தடவை சரியாக ஆற்று வாயில், அலை உடைகிற இடத்தில் நின்றுவிட்டது. அவன் அம்மனைக் கூப்பிட்டான். நான் டீசல் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சி அடைப்பை எடுத்தேன். "அம்மன் வரதுக்குள்ள நீ வந்துட்ட மச்சான்" என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான்.

அந்த ஆற்று வாய்கள்தான் என்னைப் படிக்க வைத்தவை. உனக்கு விளையாட்டாகத் தெரிந்தது எனக்கு விளையாட்டாக இருந்ததே இல்லை. நம் ஊருக்கு வடக்கே, சைக்கிளில் போகிற தூரத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது, அங்கே ரோமானியர்களின் ஒயின் ஜாடி ஓடுகள் கிடைத்தன என்று நூலகத்தில் ஒரு புத்தகத்தில் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. என் இங்கிலீஷ் ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டலாக்கிலிருந்து வந்தது. அதை வைத்துக்கொண்டு, அகராதியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் புத்தகங்களைப் படித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆகும். படித்ததில் ஒன்று எனக்கு ஒத்து வரவில்லை. அவ்வளவு பெரிய கப்பல் அந்த ஆற்றுக்குள் எப்படி வந்தது? அதைத் தெரிந்துகொள்ள ஈயக் குண்டு கட்டிய கயிற்றை எடுத்துக்கொண்டு, பதினோரு வருஷம், மாதம் ஒரு முறை, அந்த ஆற்று வாயிலும் நம் ஆற்று வாயிலும் ஆழம் பார்த்துக் குறித்து வைத்தேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. செல்லரிக்கவில்லை, உன் அம்மா வேப்பிலை போட்டு வைத்திருக்கிறாள்.

நீ எட்டாவது படிக்கும்போது உன்னை அங்கே அழைத்துப் போனேன். மொபெட்டின் முன்னால் சாப்பாட்டுப் பை, பின்னால் நீ, உன் கையில் அளவுக் கயிறு. அரிக்கமேட்டில் மாந்தோப்பும் இரண்டு மூன்று இடிந்த செங்கல் சுவர்களும்தான். அந்தச் சுவர்களும் ரோமானியர் காலத்தவை இல்லை. "இங்க ஒண்ணுமே இல்லியேப்பா" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காக உன்னை மூன்று மணி நேரம் வெயிலில் நிற்க வைத்துப் பாடம் நடத்தினேன். பக்கத்தில் வீராம்பட்டினம் கடற்கரை, அங்கே போய்க் குளிக்கலாம் என்று வரும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவன் நீ. நான் உன்னை ஆற்று வாய்க்கு அழைத்துப் போய்க் கயிற்றைப் பிடிக்க வைத்தேன். இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்று கடற்கரையைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. வழியெல்லாம் நீ பேசவே இல்லை. உனக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். அது வெயில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

சரி, அரங்கத்துக்கு வருகிறேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நீ சிதம்பரத்தில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். உன் கல்லூரியில் அரிக்கமேடு பற்றி ஒரு கருத்தரங்கம் என்று பேப்பரில் சின்னதாகப் போட்டிருந்தார்கள், அனைவரும் வரலாம் என்று. போனில் சொன்னேன். "வாங்கப்பா. நானும் ஃப்ரெண்ட்ஸோட வருவேன், மத்தியானம் சாப்பாடு போடறாங்க. ஆனா கேள்வி கீள்வி கேக்காதீங்க" என்றாய். சரி என்றேன். அது முதல் தவறு. கேள்வி கேட்காமல் இருக்க முடியாதவன் சரி என்று சொல்லியிருக்கக் கூடாது. அன்று காலை ஒரு இஞ்சின் வேலை முடிய நேரமாகிவிட்டது. சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். டீசல் வாசம் போகவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். நீ மூன்றாவது வரிசையில் இருந்தாய்.

பேசியவர் வெளியூர்ப் பேராசிரியர். நன்றாகத்தான் பேசினார். கடைசியில் திரையில் ஒரு படம் காட்டினார். ரோமானியக் கப்பல் ஒன்று பாயெல்லாம் விரித்தபடி அரிக்கமேட்டுச் சுவரை ஒட்டிக் கயிறு கட்டி நிற்கிறது, வெள்ளைக்காரர்கள் ஜாடிகளை இறக்கி வைக்கிறார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். "ஐயா, அந்த ஆத்து வாயில மணல் மேடு கட்டிக்கும். வருஷத்துல பாதி நாளு எங்க ஊரு போட்டே தரை தட்டும். இவ்ளோ பெரிய கப்பலு எப்புடி உள்ள வந்துச்சு? அது வெளியில நங்கூரம் போட்டுட்டு நின்னுருக்கும். நம்மாளுங்க தோணியில போயித்தான் சரக்க எறக்கியாந்திருக்கணும். அந்தத் தோணிக்காரன் ஒங்க படத்துல எங்க?" என்றேன். பதினோரு வருஷ நோட்டு கையில் இருந்தது. தலைமை தாங்கியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்றார். "இஞ்சின் டிபார்ட்மென்ட்" என்றேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை, அதுதான் என் தொழில். அரங்கமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே, "இவர யாருப்பா கூட்டியாந்தது?" என்று கேட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. உன் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றுதான் முடி வெட்டியிருப்பாய் போல, கழுத்தில் வெள்ளைக்கோடு தெரிந்தது. அது திரும்பும், திரும்பி "எங்க அப்பா சார்" என்று சொல்லும் என்று காத்திருந்தேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. பக்கத்திலிருந்தவன் உன் காதில் ஏதோ சொன்னான். நீ இன்னும் குனிந்துகொண்டாய். நான் நோட்டை மூடிக்கொண்டு வெளியே வந்து கடலூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அந்தக் கேள்வி சரியான கேள்வி. இன்றைக்கும் சொல்கிறேன், நாளைக்கும் சொல்வேன். அதற்காக நான் தலை குனிய வேண்டியது எதுவும் இல்லை. நீ இருபத்தோரு வயதுப் பையன், கூடப் படிக்கிறவர்கள் சிரிக்கும்போது எழுந்து நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை, புரிந்துகொள்ளவும் நான் தயாராக இல்லை. அந்த சனிக்கிழமை நீ வீட்டுக்கு வந்தாய். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து, என் எதிரில் உட்கார்ந்து, "அப்பா, அன்னிக்கி..." என்று ஆரம்பித்தாய். நான் ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினேன். செய்தியில் ஏதோ மழை எச்சரிக்கை. நீ கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாய். அதற்கப்புறம் நீ ஆரம்பிக்கவே இல்லை. இந்த இடத்தில் உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். நித்யா உன் அம்மாவிடம் சொன்னாளாம், உனக்குக் கோபம் வந்தால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்கிறாய் என்று. அதைக் கழற்று. அது என் ரிமோட். அதை நான் உனக்குக் கொடுத்திருக்கக் கூடாது.

இதுவரை எழுதியது உனக்கும் தெரிந்தது. இனி எழுதப்போவது உனக்கும் தெரியாது, உன் அம்மாவுக்கும் தெரியாது. அவள் இதை மலரில்தான் படிக்கப்போகிறாள். அன்றைக்கு நான் வீட்டில் இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தக் கருத்தரங்கத்துக்கு அடுத்த வருஷம் உனக்குப் பட்டமளிப்பு. நம் குடும்பத்தில் முதல் பட்டம். பரங்கிப்பேட்டையில் ஒரு போட்டு நிற்கிறது, இஞ்சின் அவசரம், என்னால் வர முடியாது என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு அவள் அண்ணனோடு புறப்பட்டுப் போனாள். பரங்கிப்பேட்டையில் போட்டும் இல்லை, இஞ்சினும் இல்லை. அவர்கள் போன அரை மணி நேரத்தில் நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் சிதம்பரம் வந்தேன். எதற்கு வந்தேன் என்று கேட்டால் பதில் தெரியாது. கல்லூரி வாசலுக்கு எதிர்ச்சாரியில் ஒரு ஜூஸ் கடை இருக்கிறதே, அங்கே நின்றேன்.

நீ கருப்பு அங்கியோடு வாசலில் நின்றாய். அளவு பெரிது, கை மறைந்திருந்தது. கடலூர் பஸ் ஒவ்வொன்றும் நிற்கும்போது எட்டி எட்டிப் பார்த்தாய். மாமா வந்து தோளைத் தொட்டு உள்ளே கூப்பிட்டார், நீ போகவில்லை. பிறகு போனை எடுத்தாய். என் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன், உன் பெயர். நிமிர்ந்து பார்த்தேன், எதிரே நீ காதில் போனை வைத்துக்கொண்டு நிற்கிறாய். நடுவில் ஒரு ரோடு. அதில் இரண்டு ஆட்டோவும் ஒரு மினி லாரியும் போயின. போன் அடித்து நின்றது. மறுபடியும் அடித்தது. ஜூஸ் கடைக்காரர் நான் பார்க்கிற திசையைப் பார்த்துவிட்டு, "ஒங்க புள்ளைங்களா சார்?" என்று கேட்டார். "இல்ல" என்றேன்.

அரங்கத்தில் நீ வாய் திறக்கவில்லை. நான் வாய் திறந்து சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, யாரும் என்னைக் கிண்டல் செய்யவில்லை, சாத்துக்குடி பிழிந்துகொண்டிருந்த ஒரு மனிதர் சாதாரணமாகக் கேட்டார். அவரிடம் சொன்னேன். நாற்பது வருஷம் ஊரான் இஞ்சினுக்கெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு முதல் ஓட்டத்துக்கு ஏறினவன், தன் பிள்ளையின் முதல் ஓட்டத்துக்கு ரோட்டைத் தாண்டி வரவில்லை. நீ உள்ளே போனதும் நான் பஸ் ஏறிவிட்டேன். பரங்கிப்பேட்டையில் இஞ்சின் ஓடிவிட்டதா என்று உன் அம்மா கேட்டாள். ஓடிவிட்டது என்றேன். கூடத்தில் அந்தப் பட்டமளிப்புப் படம் இருக்கிறது, நீ, உன் அம்மா, உன் மாமா. உனக்கும் மாமாவுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் விட்டிருக்கிறீர்கள். படம் எடுத்தவர் நெருங்கி நிற்கச் சொல்லவில்லையா, நீதான் நெருங்கவில்லையா என்று இத்தனை வருஷமும் கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

இப்போது உன் மூன்றாம் நாளைப் பார். முன்பின் தெரியாத நாற்பது பேரோடு ஒரு பேருந்தில் போய் இறங்குவேன். அந்த வழிகாட்டி ஏதாவது தப்பாகச் சொல்வான். நான் கையைத் தூக்குவேன், அது என் குணம், எழுபத்தோரு வயதில் மாறாது. என் ஸ்பேர் பார்ட்ஸ் இங்கிலீஷைக் கேட்டு அந்த பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். இவர் யார் கூட வந்தவர் என்று அவர்கள் கேட்டால் நான் யாரைக் கை காட்டுவேன்? உன் அம்மாவையா? அவள் எனக்கு முன்பே, "நான் இவரு கூட வர்ல" என்று சொல்லிவிடுவாள்.

அதனால் மாற்றுத் திட்டம் சொல்கிறேன். பொம்பெய் வேண்டாம். ஒரு மலை வெடித்துச் செத்துப்போனவர்களை வேடிக்கை பார்க்க எனக்கு மனசில்லை. ரோமிலிருந்து ரயிலில் நேபிள்ஸ் போய், அங்கிருந்து சின்ன ரயிலில் போட்சுவோலி என்று ஒரு ஊர் இருக்கிறது, அங்கே போவோம். அது மீன்பிடிக்கிற ஊர், நம் ஊர் மாதிரி. ஒரு காலத்தில் கிழக்கேயிருந்து ரோமுக்குப் போன சரக்கெல்லாம் வந்து இறங்கிய துறை. அரிக்கமேட்டில் கிடைத்த ஜாடி ஓடுகளில் கொஞ்சம் அந்தக் கரை மண்ணில் செய்தது என்று படித்திருக்கிறேன். அந்த ஊரின் நடுவில் பழைய சந்தையின் இடிபாடு இருக்கிறது. மூன்று பளிங்குத் தூண்கள் நிற்கின்றன. ஆள் உயரத்துக்கு மேலே அந்தத் தூண்களைச் சுற்றி நெடுகத் துளை துளையாக இருக்கிறதாம். கடலில் இருக்கிற ஒரு சிப்பி துளைத்த துளை. அப்படியென்றால் அந்தச் சந்தை முழுதும் கடலுக்கடியில் போய், வெகு காலம் கிடந்து, பிறகு தரையோடு மேலே வந்திருக்கிறது. தூண் விழவில்லை. போட்டு மரத்தில் பூச்சி துளைத்த இடத்தை விரலை விட்டுப் பார்த்தே எவ்வளவு நாள் தண்ணீரில் கிடந்தது என்று சொல்கிறவன் நான். கல்லில் அதைப் பார்க்க வேண்டும். நான் பார்க்கும்போது நீ பக்கத்தில் நிற்க வேண்டும். உன் ஆபீசுக்கு ஒரு நாள் லீவு சொல்.

நான்காம் நாள் மாலையில் கடற்கரை என்று போட்டிருக்கிறாயே, அதை யாருக்காகப் போட்டாய் என்று எனக்குப் புரிகிறது. அதை எடுத்துவிடாதே. போவோம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குளி. அளவுக் கயிற்றை எடுத்து வர மாட்டேன். நோட்டை மட்டும் எடுத்து வருவேன், அதற்கு நீ ஒன்றும் சொல்லக் கூடாது.

போன வாரம் முட்டியைக் காட்டச் சிதம்பரம் போயிருந்தேன். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து ஜாஸ்தி நடக்காதீர்கள் என்றார். வெளியே வந்து நேராக உன் கல்லூரிப் பக்கம் நடந்தேன். ஜூஸ் கடை அங்கேயேதான் இருக்கிறது. இப்போது வேறு ஆள், அவர் மகனாக இருக்கலாம். ஒரு சாத்துக்குடி வாங்கிக் குடித்தேன். பிறகு ரோட்டைத் தாண்டினேன். முட்டி வலியோடு, வண்டிகளுக்கு நின்று நின்று, முப்பத்தோரு காலடி. வாசலில் நீ நின்ற இடத்தில் போய் நின்றேன். காவலாளி வந்து, "யாரப் பாக்கணும் பெரியவரே?" என்றார். "எம் புள்ள இங்கதான் படிச்சான்" என்றேன். "எந்த டிபார்ட்மென்ட்?" என்றார். சொன்னேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

இதுவரை எழுதியதும் எழுந்துபோய்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். உன் அம்மா பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இதுக்கா ஒம்போது நாளு?" என்றாள். சக்கர நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிடு. மூன்றாம் நாளைத் திருத்தி அனுப்பு. அதில் முதலில் உன் பெயர் இருக்கட்டும், அதற்குப் பக்கத்தில் என் பெயர். ஆணி அப்படியே இருக்கிறது, மாட்டிக்கொள்கிறோம்.

கடலூர் முதுநகரிலிருந்து,
உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தவன்,
அப்பா